ஆஸ்பிரின் எட்டாத மூலை

இதயத்தில் நான்கு அறைகள்: மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும். கீழறைகள் அதை நுரையீரலுக்கும் உடம்புக்கும் அனுப்பும். வலது மேலறையின் உச்சியிலிருக்கும் சிறு திசுக்கூட்டம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பைக் கிளப்பி இந்த வேலையைத் தாளம் தப்பாமல் நடத்துகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயில் தாளம் கலைந்துவிடுகிறது. மேலறையின் பல இடங்களிலிருந்தும் மின்னலைகள் தாறுமாறாகக் கிளம்பி, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை ஓடுகின்றன. இந்த வேகத்தில் தசை முழுதாகச் சுருங்க முடியாது. அது வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மின்கணு, வரும் அலைகளில் சிலவற்றை மட்டும் கீழே விடுகிறது. அதனால்தான் உயிர் உடனே போவதில்லை. ஆனால் எந்த அலை கடக்கும், எது நிற்கும் என்பதற்குக் கணக்கு கிடையாது.

அந்தக் கணக்கின்மையை விரல் நுனியிலேயே உணரலாம். மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் மூன்று விரல்களை வைத்துப் பார்த்தால், ஒரு துடிப்பு பலமாக வரும். அடுத்தது மெலிதாக இருக்கும். பிறகு இரண்டு ஒட்டினாற்போல் வரும். பிறகு ஓர் இடைவெளி. வேறு சில கோளாறுகளில் மூன்று துடிப்புக்கு ஒருமுறை, நான்குக்கு ஒருமுறை என்று விட்டுத் துடிக்கும். இங்கே அந்த முறைகூட இருக்காது. ஈ.சி.ஜி. எடுத்தால், மேலறை சுருங்குவதைக் காட்டும் சிறு மேடு காணாமல் போயிருக்கும். உயரமான முனைகள் சமமில்லாத இடைவெளிகளில் நிற்கும். படபடப்பு, களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதல் ஆகியவை சிலருக்கு இருக்கும். பலருக்கு எதுவுமே தெரியாது. அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு, நோய் இருப்பதே பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற பிறகுதான் தெரிகிறது.

பக்கவாதத்துக்கும் இந்த நடுக்கத்துக்கும் உள்ள தொடர்பை எண்களில் காட்டியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃப்ராமிங்ஹாம் நகரத்தில் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு என்று 1991-இல் அது சொன்னது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, அதோடு இந்த நடுக்கமும் சேர்ந்தவர்களுக்கு 17 மடங்கு என்று 1978-இலேயே சொல்லியிருந்தது. வயது ஏற ஏற இந்தத் தொடர்பு இறுகுகிறது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் பக்கவாதங்களில் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை இந்த ஒரே காரணத்தால் வருபவை. மற்ற பக்கவாதங்களைவிட இவை கடுமையானவை. இதயத்திலிருந்து வரும் கட்டி பெரிது. மூளையின் பெரிய குழாயிலேயே போய் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் முழுவதும் செயலிழப்பதும் பேச்சு போவதும் படுக்கையோடு கிடப்பதும் இவ்வகையில் அதிகம்.

அந்தக் கட்டி உருவாகும் இடம் எது என்பதில்தான் மருந்துத் தேர்வின் சூட்சுமம் இருக்கிறது. இடது மேலறையின் ஓரத்தில், காதுமடல் போலப் பிதுங்கிய சிறு பை ஒன்று உண்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே வழுவழுப்பாக இராது. தசை மடிப்புகளும் சந்துபொந்துகளும் நிறைந்திருக்கும். இதயம் சரியாகத் துடிக்கும் காலத்தில் இந்தப் பையும் சேர்ந்து சுருங்கி, உள்ளே வந்த ரத்தத்தை வெளியே தள்ளிவிடும். மேலறை நடுங்கத் தொடங்கியதும் இதன் பிழிதல் நின்றுபோகிறது. ஆற்றோரக் குட்டையில் தண்ணீர் தேங்குவதுபோல் ரத்தம் அதில் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறைகிறது. வால்வுக் கோளாறு இல்லாத நோயாளிகளின் இடது மேலறையில் காணப்பட்ட கட்டிகளில் 10-க்கு 9 இந்தப் பையில்தான் இருந்தன. ஒருநாள் கட்டி பெயர்ந்து கீழறைக்கு வந்து, பெருந்தமனி வழியாகக் கழுத்துக்கு ஏறினால், அடுத்த சில வினாடிகளில் மூளையில் இருக்கும்.

ரத்தம் உறைவது இரண்டு விதமாக நடக்கிறது. தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்தால், வேகமாக ஓடும் ரத்தத்திலிருந்து தட்டணுக்கள் அந்தக் காயத்தில் போய் ஒட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அவை குவிந்து அடைப்பாகிவிடும். தட்டணுக்களே மிகுந்திருப்பதால் இந்தக் கட்டி வெளுப்பாகத் தெரியும். மாரடைப்பில் நடப்பது இதுதான். தேங்கிய ரத்தம் உறைவது வேறு கதை. அங்கே காயம் தேவையில்லை. ரத்தத்தில் கரைந்திருக்கும் உறைதல் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் த்ராம்பின் என்ற நொதி உண்டாகி, அது ஃபைப்ரின் என்ற இழைகளைப் பின்னுகிறது. அந்த வலையில் சிவப்பணுக்கள் சிக்கிக்கொள்வதால் கட்டி செந்நிறமாக இருக்கும். கால் சிரைகளில் உண்டாகும் கட்டியும் இதயத்தின் காதுமடல் பையில் உண்டாகும் கட்டியும் பெரும்பாலும் இந்த வகை.

ஆஸ்பிரின் வேலை செய்வது முதல் வகையில்தான். தட்டணுக்கள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படுத்தும் த்ராம்பாக்ஸேன் என்ற ரசாயனத்தை உண்டாக்கும் நொதியை அது நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. முடங்கிய நொதிக்குப் பதில் புதிதாகச் செய்துகொள்ள அதனால் முடியாது. ஒரு தட்டணு வாழும் 7 முதல் 10 நாள் வரையும் அது அப்படியேதான் இருக்கும். 75 மில்லிகிராம் என்ற சிறு அளவு போதுமானதாக இருப்பதற்குக் காரணம் இதுவே. ஃபைப்ரின் இழை பின்னப்படுவதை ஆஸ்பிரின் ஏறத்தாழத் தொடுவதில்லை. 'ரத்தம் கெட்டியாகாமல் இருக்க மாத்திரை' என்று இரு வகை மருந்துகளையும் ஒரே பெயரில் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்தச் சொல்லில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இந்த மருந்துகள் எவையும் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. அது உறையும் பாதைகளில் ஏதோ ஒன்றை அடைக்கின்றன. எந்தப் பாதையை அடைக்கிறது என்பதே கேள்வி.

அப்படியிருந்தும் ஆஸ்பிரின் இந்த நோய்க்கு எப்படி வந்தது? 1899-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த தலைவலி மாத்திரை அது. அது செயல்படும் முறையை 1971-இல் கண்டுபிடித்த ஜான் வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்து 1988-இல் வெளியான ஆய்வில், ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்ததால் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதன்பின் இதயம் என்றாலே ஆஸ்பிரின் என்றாகிவிட்டது. விலை மலிவு, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், ரத்தப் பரிசோதனை தேவையில்லை, பத்தியம் இல்லை. மறுபக்கம் இருந்த வார்ஃபரினோ எலி பாஷாணமாகப் பெயரெடுத்த மருந்து. வயதானவருக்கு எதைக் கொடுப்பது என்ற தயக்கத்தில் டாக்டரின் பேனா எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

எலி பாஷாணம் என்பது பழிச்சொல் அல்ல, உண்மை வரலாறு. 1920-களில் வட அமெரிக்காவின் சமவெளிகளில் மாடுகள் காரணமின்றி ரத்தம் கொட்டிச் செத்தன. கொம்பு சீவியதாலோ காயடித்ததாலோ உண்டான சிறு காயமே போதும், ரத்தம் நிற்காது. ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப்பயிரின் வைக்கோல் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால், அதைத் தின்ற மாடுகளுக்கு இப்படி ஆகிறது என்று கனடாவின் கால்நடை மருத்துவர் ஃப்ராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார். பூஞ்சைத் தீவனத்தில் இருந்த பொருள் எது என்பது மட்டும் தெரியவில்லை. 1933 பிப்ரவரியில், பனிப்புயல் வீசிய ஒரு சனிக்கிழமை, விஸ்கான்சினைச் சேர்ந்த எட் கார்ல்சன் என்ற விவசாயி சுமார் 300 கிலோமீட்டர் வண்டியோட்டி மாடிசன் நகருக்கு வந்தார். செத்துப்போன ஒரு கிடாரி, கெட்டுப்போன தீவனம், ஒரு பால்கேன் நிறைய மாட்டு ரத்தம் ஆகியவை வண்டியில் இருந்தன. கால்நடை அலுவலகம் பூட்டிக் கிடந்ததால், திறந்திருந்த கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வகத்தில் போய் அந்தக் கேனை வைத்தார். கேனிலிருந்த ரத்தம் உறையாமலே இருந்தது. லிங்கின் குழு ஆறு ஆண்டுகள் உழைத்து அந்த ரசாயனத்தைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகவும் 1954-இல் மனித மருந்தாகவும் வந்தது. 1955-இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு அது கொடுக்கப்பட்டது. கல்லீரல் உறைதல் புரதங்களில் நான்கைச் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினைத் திரும்பப் பயன்பாட்டுக்கு வரவிடாமல் தடுக்கிறது. புரதம் குறைந்தால் ஃபைப்ரின் வலை பின்னப்படாது. தேங்கிய ரத்தத்துக்குத் தேவையான மருந்து இந்த வகைதான்.

தேவையானது என்பதை நோயாளிகளிடம் நிரூபித்த முதல் பெரிய சோதனை 1989-இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனிலிருந்து வெளிவந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 1,007 பேர் ஏறக்குறைய சமமான மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வார்ஃபரின், ஒரு குழுவுக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், ஒரு குழுவுக்கு வெறும் மாத்திரை. கட்டி பெயர்ந்து அடைத்த சம்பவங்கள் வார்ஃபரின் குழுவில் 5, ஆஸ்பிரின் குழுவில் 20, வெறும் மாத்திரைக் குழுவில் 21. இதற்கு உரை எழுதத் தேவையில்லை. ஆஸ்பிரினும் வெறும் மாத்திரையும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன.

அடுத்து 1991-இல் வந்த ஓர் அமெரிக்கச் சோதனை வேறு மாதிரி சொன்னது. 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் பக்கவாதத்தை 42 சதவீதம் குறைத்தது என்பது அதன் முடிவு. ஆஸ்பிரினுக்கு இந்த நோயில் கிடைத்த நற்பெயர் பெரும்பாலும் இந்த ஒரு சோதனையை நம்பி நின்றது. ஆனால் உள்ளே புகுந்து பார்த்தால், வார்ஃபரின் எடுக்கத் தகுந்த நோயாளிகளிடம் 94 சதவீதக் குறைவு. தகாதவர்களிடம் வெறும் 8 சதவீதம். ஒரே மாத்திரை, ஒரே நோய், இவ்வளவு வித்தியாசம். 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பலனே தெரியவில்லை. பக்கவாதம் அதிகம் தாக்குவதோ அவர்களைத்தான். பிற சோதனைகள் எவற்றிலும் அந்த 42 திரும்ப வரவில்லை. ஜப்பானில் 871 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான சோதனையில், ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு எதுவும் எடுக்காதவர்களைவிட அடைப்பு குறையவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

எல்லாச் சோதனைகளையும் சேர்த்துக் கணக்கிட்ட 2007-ஆம் ஆண்டுத் தொகுப்பு, வார்ஃபரின் பக்கவாதத்தை 64 சதவீதம் குறைப்பதாகக் காட்டியது. ஆஸ்பிரின் மட்டும் கொடுத்த சோதனைகளில் குறைவு 19 சதவீதம். அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது. ஏற்கெனவே சிறிய பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்த ஐரோப்பியச் சோதனையில் வித்தியாசம் இன்னும் தெளிவு. ஆண்டுக்கு 100-இல் 12 பேருக்கு வந்த பக்கவாதம் உறைதல் தடுப்பு மருந்தால் 4 ஆனது.

வார்ஃபரினைக் குறைந்த அளவில் கொடுத்து ஆஸ்பிரினையும் கூடச் சேர்த்தால் என்ன என்ற யோசனையும் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1996-இல் வெளிவந்த அந்தச் சோதனையில் சரியான அளவு வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 1.9 சதவீதம் அடைப்பு. கலப்பு மருந்துக் குழுவுக்கு 7.9 சதவீதம். ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் என்ற இன்னொரு தட்டணு மருந்தைச் சேர்த்த 2006-ஆம் ஆண்டுச் சோதனையும் முன்கூட்டியே நின்றது. வார்ஃபரின் குழுவில் ஆண்டுக்கு 3.93 சதவீதம் பேர் பாதிக்கப்பட, இரட்டை மாத்திரைக் குழுவில் 5.60. தட்டணுவை இரண்டு பக்கம் கட்டினாலும் தேங்கிய ரத்தம் உறைவதை முழுதாக நிறுத்த முடியவில்லை. ரத்தக்கசிவும் குறைந்தபாடில்லை.

அப்படியும் ஆஸ்பிரின் பிழைத்துக் கிடந்ததற்கு முக்கியக் காரணம் பயம். 'வயசானவங்க, கீழ விழுந்தா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும், எதுக்கு வம்பு, ஆஸ்பிரின் போதும்' என்பது உலகெங்கும் கேட்ட வாதம். அது அக்கறையிலிருந்து வந்தது. அதனாலேயே எளிதில் அசையவில்லை. இதற்கு நேராகப் பதில் சொன்னது, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் குடும்ப டாக்டர்களிடம் சிகிச்சை பெற்ற, 75 வயதைத் தாண்டிய 973 பேரிடம் நடந்த சோதனை. சராசரி வயது 81. பாதிப்பேருக்கு வார்ஃபரின், பாதிப்பேருக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். 2007-இல் வந்த முடிவு: உயிரைப் பறித்த அல்லது முடக்கிய பக்கவாதம், மூளை ரத்தக்கசிவு, வேறு உறுப்பில் அடைப்பு மூன்றும் சேர்த்து, வார்ஃபரின் குழுவில் ஆண்டுக்கு 1.8 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 3.8. மூளைக்கு வெளியே நேர்ந்த பெரிய ரத்தக்கசிவு முறையே 1.4, 1.6. முதியவர்களுக்கு ஆஸ்பிரின் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை எண்கள் தாங்கவில்லை. கீழே விழும் பயத்தைப் பற்றி 1999-இல் செய்யப்பட்ட ஒரு கணக்கீடு உண்டு. விழுவதால் மூளையுறையின் கீழ் கசிவு வரும் ஆபத்து வார்ஃபரினின் நன்மையைத் தாண்ட வேண்டுமென்றால், சராசரி முதியவர் ஆண்டுக்கு 295 முறை விழ வேண்டியிருக்கும். கணக்குதான், சோதனை அல்ல. ஆனாலும் பயத்தின் அளவையும் ஆபத்தின் அளவையும் அருகருகே வைத்துக் காட்டுகிறது.

கடைசி முடிச்சை அவிழ்த்தது 2011-இல் வெளியான அவெரோஸ் என்ற சோதனை. வார்ஃபரின் ஒத்துவராது என்று டாக்டர்கள் ஒதுக்கிய, அல்லது வேண்டாம் என்று தாங்களே மறுத்த 5,599 பேர் 36 நாடுகளில் இதில் சேர்ந்தார்கள். இவர்களைத்தான் அதுவரை ஆஸ்பிரினிடம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேருக்கு ஆஸ்பிரினும் பாதிப்பேருக்கு அபிக்ஸாபான் என்ற புதிய உறைதல் தடுப்பு மாத்திரையும் கொடுக்கப்பட்டன. பக்கவாதமும் அடைப்பும் ஆஸ்பிரின் குழுவில் 113 பேருக்கு, அபிக்ஸாபான் குழுவில் 51 பேருக்கு. பெரிய ரத்தக்கசிவு 39, 44. மூளைக்குள் கசிவு ஆஸ்பிரினில் 13, அபிக்ஸாபானில் 11. நன்மை இவ்வளவு பளிச்சென்று தெரிந்தபின் பாதிப்பேரை ஆஸ்பிரினில் வைத்திருப்பது நியாயமில்லை என்று சோதனையை முன்கூட்டியே முடித்தார்கள். கசிவில் ஏறத்தாழச் சமம், காப்பதில் பாதிக்கும் கீழ்: ஆஸ்பிரினுக்கு இந்த நோயில் இனி எந்த வாதமும் மிச்சமில்லை.

வழிகாட்டு நெறிகள் மெதுவாக மாறின. 2012-இல் ஐரோப்பிய இதயநோய் மருத்துவர் சங்கம் ஆஸ்பிரினை ஓரங்கட்டியது. 2014-இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பக்கவாதத்தைத் தடுக்க மட்டும் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம் என்று சொன்னது. அதே ஆண்டு அமெரிக்க நெறி, ஆபத்து குறைவானவர்களுக்கு ஆஸ்பிரினை ஒரு தேர்வாக விட்டுவைத்தது. 2023-இல்தான் அங்கேயும் உறைதல் தடுப்பு மருந்துக்கு மாற்றாக அது கூடாது என்றானது. கோப்பன்ஹேகன் எண்கள் வந்து 34 ஆண்டுகள் கழித்து.

யாருக்கு மருந்து தேவை என்பதை மதிப்பெண் போட்டு முடிவு செய்கிறார்கள். இதயச் செயலிழப்புக்கு 1, உயர் ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரை நோய்க்கு 1, மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய்க்கு 1. வயது 65 முதல் 74 என்றால் 1; 75 நிறைந்தால் 2. முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண்களுக்குக் கூடுதலாக 1 போடும் வழக்கம் இருந்தது. 2024-இன் ஐரோப்பிய நெறி அதை எடுத்துவிட்டது. பி.பி.யும் சர்க்கரையும் உள்ள 70 வயதுக்காரருக்கு 3 வருகிறது. 2 வந்தாலே உறைதல் தடுப்பு மருந்து வேண்டும். 1 என்றால் யோசித்து முடிவெடுக்கலாம். பூஜ்யம் என்றால் எதுவும் வேண்டாம், ஆஸ்பிரின்கூட வேண்டாம். நடுக்கம் எப்போதாவது வந்து போகிறதா, நிரந்தரமாக இருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் வராது. மருந்தாலோ மின் அதிர்ச்சியாலோ துடிப்பு சீராகிவிட்டாலும், மதிப்பெண் உள்ளவர் மாத்திரையைத் தொடரவே வேண்டும். துடிப்பைச் சீராக்குவதையும் வேகத்தை மட்டும் அடக்குவதையும் ஒப்பிட்ட 2002-ஆம் ஆண்டுச் சோதனையில், பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர் வார்ஃபரினை நிறுத்தியவர்கள் அல்லது போதாத அளவில் எடுத்தவர்கள்.

வார்ஃபரினோடு வாழ்வது சுலபமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் பலர் எடுப்பது அதன் நெருங்கிய உறவான அசினோகுமரால். அசிட்ரோம் என்ற பெயரில் தெரிந்திருக்கும். அளவு சரிதானா என்பதைப் பி.டி. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை சொல்லும். மருந்து எடுக்காதவருக்கு அந்த எண் 1. இந்த நோய்க்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 2-க்குக் கீழே இறங்கினால் பாதுகாப்பு போகிறது. 4-க்கு மேல் ஏறினால் மூளைக்குள் கசியும் ஆபத்து வேகமாகக் கூடுகிறது. கீரையில் வைட்டமின் கே நிறைய இருப்பதால், கீரையே தொடக்கூடாது என்று பலர் பயந்து ஒதுக்குகிறார்கள். அது தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கீரை சாப்பிடுபவர் அப்படியே தொடரலாம். மாத்திரையின் அளவு அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்ப அமைந்துகொள்ளும். திடீரென்று தினமும் முருங்கைக்கீரை, பிறகு ஒரு மாதம் அறவே இல்லை என்று மாறினால்தான் எண் தடுமாறும். மெட்ரானிடசோல் போன்ற சில கிருமிக்கொல்லிகள் எண்ணை ஏற்றிவிடும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை வயிற்றில் கசிவைத் தூண்டும். இந்த ஒன்றைத் தவிர்த்தாலே பாதி ஆபத்து விலகும் வீடுகள் நிறைய இருக்கின்றன.

புதிய மாத்திரைகள் இந்தச் சுமையைக் குறைத்தன. 18,113 பேரிடம் சோதிக்கப்பட்டு 2009-இல் முடிவு வெளியான டாபிகாட்ரான் த்ராம்பினை நேராக முடக்குகிறது. ரிவரோக்ஸாபான், அபிக்ஸாபான், எடோக்ஸாபான் மூன்றும் அதற்கு முந்தைய படியான பத்தாம் காரணியை முடக்குகின்றன. நான்கு பெரிய சோதனைகளின் 71,683 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வார்ஃபரினைவிடப் பக்கவாதமும் அடைப்பும் 19 சதவீதம் குறைவு. மூளை ரத்தக்கசிவால் வரும் பக்கவாதம் பாதியளவு. இறப்பு 10 சதவீதம் குறைவு. வயிறு, குடல் கசிவு மட்டும் 25 சதவீதம் கூடுதல். இவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம்; கீரைக் கவலை இல்லை. காப்புரிமை முடிந்தபின் இந்தியக் கம்பெனிகள் பலவும் செய்வதால் விலையும் இறங்கியிருக்கிறது.

ஆனால் இவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. ரிவரோக்ஸாபான் 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராது. டாபிகாட்ரானின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. அதன் கேப்சூலைப் பிரித்துக் கொட்டியும் சாப்பிடக் கூடாது. அபிக்ஸாபானில் வழக்கமான அளவு 5 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. 80 வயது நிறைந்திருத்தல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால் மட்டுமே 2.5 ஆகக் குறைக்க வேண்டும். 55 கிலோ எடையுள்ள 72 வயது அம்மா, சிறுநீரகம் நன்றாக இருந்தால், முழு அளவுதான் எடுக்க வேண்டும். 'எதுக்கும் கொஞ்சம் கம்மியாவே இருக்கட்டும்' என்று குறைப்பது ஆஸ்பிரின் கொடுத்த அதே பயத்தின் புது வடிவம்.

இந்திய வாசகர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்குப் புதிய மாத்திரைகள் பொருந்தா. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், இந்தியாவும் பங்கெடுத்திருந்தது. 4,500-க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகள் சேர்ந்தார்கள். சராசரி வயது 50-ஐ ஒட்டி; பெரும்பான்மை பெண்கள். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, ரிவரோக்ஸாபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான். அவர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்தபோது கட்டியும் கசிவும் இரண்டுமே கூடியதால் 2012-இல் அது கைவிடப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரிசோதனையில்லாத மாத்திரை கிடைத்ததைப் பார்த்து, வால்வு நோயாளி தானும் மாறிக்கொள்வது உயிருக்கு ஆபத்து.

ஆஸ்பிரின் கெட்ட மருந்து என்று இதற்கெல்லாம் பொருள் கொள்ளக் கூடாது. மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அது இன்றும் முதல் வரிசை மருந்து. அங்கே எதிரி தட்டணு. சிக்கல், ஸ்டென்ட்டும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் ஒருவருக்கே இருக்கும்போது வருகிறது. இரண்டு வகையும் சேர்ந்தால் கசிவு வெகுவாக ஏறும் என்பதால், ஸ்டென்ட் வைத்ததும் சில நாள் முதல் சில வாரம் வரை மட்டும் ஆஸ்பிரின், பிறகு க்ளோபிடோக்ரெலும் உறைதல் தடுப்பு மருந்தும், ஓராண்டு ஆனதும் உறைதல் தடுப்பு மருந்து மட்டும் என்பது இப்போதைய பொது நடைமுறை. ஜப்பானில் 2,236 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான சோதனை, ஓராண்டு தாண்டியவர்களுக்கு ரிவரோக்ஸாபான் மட்டுமே போதும், தட்டணு மருந்தைச் சேர்த்தால் கசிவுதான் கூடுகிறது என்று காட்டியது. பழைய சீட்டில் இருந்த ஆஸ்பிரின் ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்காமல் தொடர்வது இவ்வகை நோயாளிகளிடம் சாதாரணம். டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், 'இது இன்னும் வேணுமா' என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்பது நல்ல வழி.

உறைதல் தடுப்பு மருந்து எதையுமே எடுக்க முடியாதவர்கள் உண்டு: மூளையில் மீண்டும் மீண்டும் கசிந்தவர், நிறுத்த முடியாத குடல் கசிவு உள்ளவர். அவர்களுக்கு, தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, அந்தக் காதுமடல் பையின் வாயில் குடைபோன்ற ஒரு சிறு மூடியைப் பொருத்தும் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் 2015-இல் அனுமதி பெற்ற இம்முறை இந்தியாவின் பெரிய இதய மருத்துவமனைகளிலும் நடக்கிறது, செலவு அதிகம்.

மருந்தை நிறுத்துவதில்தான் வீடுகளில் அதிகம் தவறு நடக்கிறது. ஆஸ்பிரினின் வேலை நிறுத்தியபின்னும் ஒரு வாரம் நீடிக்கும். புதிய மாத்திரைகள் அப்படியல்ல. ஓரிரு நாளில் பாதுகாப்பு முழுதும் போய்விடும். ஒரு பல் பிடுங்கவோ கண்புரை அறுவை செய்யவோ பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை. பெரிய அறுவை சிகிச்சைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்பதை மருந்தின் பெயரையும் சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்துத் தீர்மானிப்பார்கள். நிறுத்தச் சொன்ன டாக்டரிடமே, தொடங்க வேண்டிய தேதியையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.